வஜீரிஸ்தான்: சட்டம் எட்டாத நிலமும் அரசுகள் வளர்த்த படைகளும்

ஆப்கானிஸ்தானின் கோஸ்த், பக்திகா மாகாணங்களுக்குக் கிழக்கே, பாகிஸ்தானின் வடமேற்கு விளிம்பில், டோச்சி ஆற்றுக்கும் கோமல் ஆற்றுக்கும் இடைப்பட்ட மலைநாடு வஜீரிஸ்தான். டோச்சிப் பள்ளத்தாக்கில் மீரான்ஷாவும் மீர் அலியும், தென்மேற்கில் வானாவும், இவற்றுக்கு நடுவே 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ரஸ்மக்கும் இதன் முக்கிய ஊர்கள். வஜீர், மெஹ்சூத், தாவர் என்னும் பஷ்தூன் குலத்தார் பல நூற்றாண்டுகளாக இங்கே வாழ்ந்துவருகின்றனர். 2001-க்குப் பின்னர் உலகச் செய்திகளில் இந்நிலத்தின் பெயர் அல்-காயிதா, தலிபான், ஆளில்லா விமானம் ஆகியவற்றோடு மட்டுமே சேர்ந்து அடிபட்டமையால், ஆயுதம் ஏந்துவது இம்மக்களின் பிறவிக் குணம் என்றும், எந்த அரசுக்கும் அடங்காமையே இந்நிலத்தின் வரலாறு என்றும் ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. நடந்தது வேறு. இந்நிலத்தைச் சட்டத்துக்குப் புறத்தே நிறுத்தி வைத்தவை அரசுகள். ஆள் திரட்டும் களமாகவும், பிற நாட்டின்மீது ஏவத்தக்க மறைமுகப் படைகளின் பாசறையாகவும் இதனைப் பயன்படுத்தியவையும் அரசுகளே. மார்க்கத்தை ஓர் ஆட்சித் திட்டமாக முன்வைத்து, அதனை அரசின் வழியாகவோ ஆயுதத்தின் வழியாகவோ நிலைநாட்ட முனையும் நவீன அரசியல் போக்கே இஸ்லாமியவாதம் எனப்படுகிறது. அப்போக்கின் ஆயுதக் கிளைகள் இங்கே வேர்விட்ட வரலாற்றை இஸ்லாம் என்னும் மார்க்கத்தின் வரலாறாகக் கொள்வது பெரும்பிழை. ஏனெனில் அக்கிளைகளால் இங்கு உயிரிழந்தோரில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்களே.

1893 நவம்பர் 12 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டியூராண்டும் ஆப்கானிய அமீர் அப்துர் ரஹ்மான் கானும் காபூலில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அதன்படி வரையப்பட்ட எல்லைக்கோடு, ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் நீளத்துக்குப் பஷ்தூன் குலங்களை இரு ஆட்சிகளின் செல்வாக்குக்குள் பிரித்தது. அதற்கு ஈடாக அமீருக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்பட்டுவந்த மானியம் 12 லட்சம் ரூபாயிலிருந்து 18 லட்சமாக உயர்த்தப்பட்டது. கோட்டின் இரு பக்கமும் வாழ்ந்த குலத்தாரின் கருத்து கேட்கப்படவில்லை. எல்லைக்கற்களை நடுவதற்குச் சென்ற குழுவுடன் வானாவில் கூடாரமிட்டிருந்த படையை 1894 நவம்பர் 3-ஆம் நாள் விடியலுக்கு முன்னர் மெஹ்சூதுகள் தாக்கினர். அத்தாக்குதலுக்குத் தலைமை ஏற்ற முல்லா பொவிந்தா, அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நிலத்தில் பிரிட்டிஷாரின் முதன்மை எதிரியாக விளங்கினார்.

பிரிட்டிஷாரின் நோக்கம் இந்நிலத்தை ஆள்வது அன்று. ரஷ்யப் பேரரசுக்கும் இந்தியாவுக்கும் நடுவே ஓர் இடைவெளியாக இதனைக் காப்பதே. வரி வாங்காமல், பள்ளிக்கூடம் கட்டாமல், நீதிமன்றம் அமைக்காமல், குறைந்த செலவில் குலங்களை அடக்கி வைப்பதற்கு அவர்கள் ஒரு முறையை உருவாக்கினர். 1901-இல் வைஸ்ராய் கர்சன் பிரபு வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தை அமைத்தபோது நடைமுறைக்கு வந்த எல்லைப்புறக் குற்றவியல் ஒழுங்குமுறைச் சட்டம் அம்முறைக்கு எழுத்து வடிவம் தந்தது. ஒவ்வொரு நிர்வாகப் பகுதியும் ஏஜென்சி எனப்பட்டது. அதன் தலைமையில் அரசியல் முகவர் என்னும் ஒற்றை அதிகாரி இருந்தார். அவர் குலத் தலைவர்களுள் சிலரை மலிக் என்று அங்கீகரித்து, லுங்கி எனப்பட்ட மானியத்தை வழங்குவார். மலிக்குகள் தம் குலத்தாரில் இருந்து காசாதார் என்னும் காவலர்களை அமர்த்திச் சாலைகளைக் காப்பர். வழக்குகள் ஜிர்கா எனப்படும் மூத்தோர் அவையின் முன் வைக்கப்படும். அந்த அவையின் உறுப்பினர்களை அமர்த்துபவரும், அது சொன்ன முடிவை ஏற்பவரும் தள்ளுபவரும், இறுதித் தண்டனையை விதிப்பவரும் அதே அரசியல் முகவர்தாம்.

இச்சட்டத்தின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தேவையாகிறது. பின்னால் நிகழ்ந்த பலவற்றுக்கு விளக்கம் இதில் அடங்கியிருக்கிறது. சாலையில் ஒரு வண்டி கொள்ளையடிக்கப்பட்டால், கொள்ளையன் யார் என்று துப்புத் துலக்க வேண்டியதில்லை. அச்சாலை எந்தக் குலத்தின் எல்லைக்குள் வருகிறதோ அக்குலம் முழுவதும் பொறுப்பாளியாகும். அக்குலத்தைச் சேர்ந்த எவரையும், பன்னூவிலோ டேரா இஸ்மாயில் கானிலோ கடை நடத்தும் வணிகர் உள்பட, பிடித்து அடைக்கலாம். கடைகளை மூடி முத்திரையிடலாம். ஆடுமாடுகளையும் சரக்குகளையும் பறிமுதல் செய்யலாம். குற்றம் செய்தவர் ஒளிந்திருந்ததாகக் கருதப்படும் வீட்டை இடித்துத் தள்ளலாம். கொலையோ கலகமோ நிகழாமல் தடுப்பதற்கென்று ஒருவரை, குற்றச்சாட்டு ஏதும் இன்றி, மூன்றாண்டு வரை சிறையில் வைக்கலாம். வழக்கறிஞர் கிடையாது, உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. தனிமனிதன் என்னும் சட்ட உருவமே இல்லாத இந்த ஏற்பாட்டில், ஒருவன் குலத்தின் உறுப்பாக மட்டுமே கணக்கில் வந்தான். குலத்தின் இயல்பான கட்டுப்பாட்டைப் பிரிட்டிஷார் மதித்தனர் என்று அக்கால அதிகாரிகள் பலர் பெருமையுடன் எழுதிவைத்தனர். உண்மையில் அவர்கள் அக்கட்டுப்பாட்டைக் காசு கொடுத்து வாங்கித் தம் கருவியாக்கினர்.

விலைக்கு வாங்கப்பட்ட தலைமைக்கு மதிப்பு நிலைப்பதில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1890-களின் முற்பகுதியில், அரசு அலுவலர் ஒருவரைக் கொன்றவர்களைப் பிடித்து ஒப்படைத்த மெஹ்சூத் மலிக்குகளில் சிலர், சில மாதங்களுக்குள் தம் குலத்தாராலேயே கொல்லப்பட்டனர். மலிக் ஒடுங்கிய இடத்தில் முல்லா எழுந்தார். குலங்களுக்கு இடையேயான பகையைக் கடந்து எல்லாரையும் ஒரே அழைப்பின்கீழ்த் திரட்டும் ஆற்றல், எந்தக் குலத்தின் பங்காளியாகவும் நிற்காத மார்க்கத் தலைவருக்கே இருந்தது. அரசு மானியம் பெறாமை அவருடைய தூய்மைக்குச் சான்றாயிற்று.

இதன் பெரிய எடுத்துக்காட்டு, இப்பி ஃபக்கீர் என்று அறியப்பட்ட மிர்ஸா அலி கான். 1936-இல் பன்னூவில், இஸ்லாமுக்கு மாறி ஒரு முஸ்லிம் இளைஞரை மணந்த இந்துப் பெண்ணை அவருடைய குடும்பத்தார் வசம் ஒப்படைக்க நீதிமன்றம் எடுத்த முடிவு பெருங்கிளர்ச்சியை எழுப்பியது. அதனைத் தொடர்ந்து டோச்சிப் பள்ளத்தாக்கில் ஃபக்கீர் அறிவித்த ஜிஹாதை அடக்க, அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 40,000 பிரிட்டிஷ் இந்தியப் படையினர் வஜீரிஸ்தானில் குவிக்கப்பட்டனர். விமானங்கள் முதலில் எச்சரிக்கைத் துண்டறிக்கைகளையும் பின்னர் குண்டுகளையும் வீசின. ஃபக்கீர் பிடிபடவே இல்லை; ஆப்கானிய எல்லையோரம் குர்வெக் என்னும் இடத்தில், குன்றைக் குடைந்த குகைகளில் வாழ்ந்து, 1960-இல் இயற்கை மரணம் எய்தினார். இரண்டாம் உலகப்போரின்போது காபூலில் இருந்த இத்தாலிய, ஜெர்மானியத் தூதரகங்கள் அவருக்குப் பணம் சேர்க்க முற்பட்டதும், 1947-க்குப் பின்னர் அவர் பாகிஸ்தானை ஏற்க மறுத்துத் தனிப் பஷ்தூனிஸ்தான் கோரியபோது காபூல் அரசு அவரை ஆதரித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கவை. ஒரு நாட்டின் கலகக்காரன் அண்டை நாட்டின் கருவி ஆவது, பனிப்போர்க் காலத்துக்கு வெகு முன்னரே இந்த எல்லையில் வழக்கமாகியிருந்தது.

1947-இல் பாகிஸ்தான் பிறந்தபோது எதிர்பாராத ஒரு நல்வாய்ப்பு நேர்ந்தது. முகம்மது அலி ஜின்னாவின் அரசு, முஸ்லிம் நாட்டில் முஸ்லிம் குலத்தாரை அடக்கப் படை எதற்கு என்ற எண்ணத்துடன், அவ்வாண்டு டிசம்பரில் ரஸ்மக் உள்ளிட்ட முகாம்களில் இருந்து முறையான படையைத் திரும்பப் பெற்றது. ஆனால் 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தை அது திரும்பப் பெறவில்லை. அரசியல் முகவர், மலிக், மானியம், கூட்டுத் தண்டனை ஆகிய அனைத்தும் அப்படியே தொடர்ந்தன. கூட்டாட்சி நிர்வாகப் பழங்குடிப் பகுதிகள் என்று பெயரிடப்பட்ட ஏழு ஏஜென்சிகள், 1973-ஆம் ஆண்டு அரசமைப்பின் 247-ஆம் பிரிவால் நாடாளுமன்றச் சட்டங்களுக்கும் உச்சநீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் வெளியே வைக்கப்பட்டன. வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை 1996-இல்தான் கிடைத்தது. அதுவரை அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களை ஏறத்தாழ 35,000 மலிக்குகள் மட்டுமே தேர்ந்தெடுத்தனர். 1998-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு எழுத்தறிவு பெற்றவர்கள் 17 விழுக்காடு. பெண்களில் 3 விழுக்காடு. விடுதலை பெற்று அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் ஒரு நாடு தன் குடிமக்களின் ஒரு பகுதியினரை இந்த நிலையில் வைத்திருந்ததற்கு, அந்நிலம் அதற்கு வேறொரு பயனைத் தந்தமையே காரணம்.

அப்பயன் முதலாண்டிலேயே வெளிப்பட்டது. 1947 அக்டோபர் 22 அன்று மெஹ்சூத், வஜீர், அஃப்ரிதி முதலான குலத்தாரைக் கொண்ட லஷ்கர், அதாவது குலப் படை, லாரிகளில் ஏறி முசாஃபராபாத் வழியாகக் காஷ்மீருக்குள் நுழைந்தது. படை அதிகாரி அக்பர் கான் திட்டமிட, பாகிஸ்தான் அரசு தன் கை இதில் இல்லை என்று வெளியில் கூறியது. லஷ்கர் பாராமுல்லாவில் கொள்ளையிலும் கொலையிலும் நாள்களைக் கழித்தது. அங்கிருந்த கன்னியர் மடத்தின் மருத்துவமனையும் தப்பவில்லை. இதற்கிடையே காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் இந்தியாவுடன் இணையும் ஆவணத்தில் ஒப்பமிட, 27-ஆம் நாள் இந்தியப் படை ஸ்ரீநகரில் இறங்கியது. பாகிஸ்தான் விரும்பிய வெற்றி கிட்டவில்லை; ஆயினும் அரசு நேரடியாகப் பொறுப்பேற்காமல், மார்க்க அழைப்பால் திரட்டப்பட்ட ஆயுதக் கூட்டத்தை அண்டை நாட்டின்மீது ஏவலாம் என்னும் பாடம் அதன் படைத் தலைமையின் மனத்தில் பதிந்தது. மக்கள்தொகையிலும் படைவலிமையிலும் இந்தியாவைவிடச் சிறிய நாடு, செலவு குறைந்ததும் மறுக்கத்தக்கதுமான ஒரு கருவியைத் தேடியதில் வியப்பில்லை. மேற்கு எல்லையிலும் அதற்கு அச்சம் இருந்தது. 1947 செப்டம்பரில் ஐ.நா. சபையில் பாகிஸ்தான் சேர்வதை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். அதன்பின் டியூராண்டு கோட்டை எந்தக் காபூல் அரசும், பின்னாளில் வந்த தலிபான் உள்பட, முறைப்படி எல்லையாக ஏற்கவில்லை.

சோவியத் படையெடுப்பே எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது என்பது பரவலான எண்ணம். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. 1973-இல் முகம்மது தாவூத் காபூலில் முடியாட்சியைக் கவிழ்த்துப் பஷ்தூனிஸ்தான் கோரிக்கையை மீண்டும் எழுப்பியபோது, சுல்பிகர் அலி புட்டோவின் அரசு, தாவூதுக்கு அஞ்சித் தப்பி வந்த குல்புதீன் ஹெக்மத்யார், புர்ஹானுதீன் ரப்பானி, அஹ்மத் ஷா மசூத் முதலான இளம் இஸ்லாமியவாதிகளுக்குப் பெஷாவரில் இடமளித்தது. எல்லைப்படையின் தலைவராக இருந்த நசீருல்லா பாபரின் மேற்பார்வையில் அவர்கள் பயிற்சி பெற்றனர். 1975-இல் பஞ்ச்ஷீரில் அவர்கள் நடத்திய கிளர்ச்சி சில நாள்களிலேயே முறியடிக்கப்பட்டது. புட்டோ மார்க்க ஆட்சியை விரும்பியவர் அல்லர், சோஷலிசம் பேசியவர். கொள்கை வேறுபட்டிருந்தும் கருவி ஒன்றாகவே இருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபின் இக்கருவிக்கு வரம்பற்ற பணம் வந்தது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ ஒரு பங்கு தர, சவூதி அரேபியா அதற்கு இணையான பங்கைத் தந்தது. ஆயுதங்களைப் பெற்று யாருக்கு எவ்வளவு என்று பகிரும் அதிகாரம் பாகிஸ்தானின் படை உளவு அமைப்பான ஐஎஸ்ஐயிடம் இருந்தது. புட்டோவைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்திருந்த படைத்தலைவர் ஜியா உல்-ஹக்கின் அரசு, பெஷாவரில் ஏழு கட்சிகளை மட்டும் அங்கீகரித்தது. எல்லை தாண்டி வந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளில் பலர், உணவு பெறும் அட்டைக்காகவே இவற்றில் ஒன்றில் பெயர் பதிய வேண்டியிருந்தது. தேசியவாதம் பேசிய பஷ்தூன்களுக்கு ஆயுதமும் இடமும் மறுக்கப்பட்டன. குலம், நிலம், மொழி ஆகியவற்றின் பெயரால் எழும் அமைப்பு நாளை டியூராண்டு கோட்டைக் கேள்வி கேட்கும். மார்க்கத்தின் பெயரால் எழும் அமைப்பு கேட்காது என்பதே இஸ்லாமாபாத்தின் கணக்கு.

மீரான்ஷாவில் இக்கணக்கின் விளைவைத் தெளிவாகக் காணலாம். கோஸ்த் பகுதியின் ஜத்ரான் குலத்தவரான ஜலாலுதீன், நவ்ஷேராவுக்கு அருகே அக்கோரா கட்டக்கில் 1947-இல் மௌலானா அப்துல் ஹக் தொடங்கிய தாருல் உலூம் ஹக்கானியா மதரசாவில் பயின்றவர். ஹக்கானி என்னும் பெயர் அங்கிருந்து வந்தது. தாவூத் காலத்திலேயே மீரான்ஷாவுக்குக் குடிபெயர்ந்த அவர், அவ்வூரையொட்டிய தாந்தே தர்பாகேலில் ஒரு பெரிய மதரசாவை எழுப்பினார். எல்லைக்கு அப்பால் ஜவாரில் மலையைக் குடைந்த தளம் அமைந்தது. அரபு நாடுகளில் இருந்து வந்த தொண்டர்களும் நன்கொடைகளும் அவரிடம் சேர்ந்தன. சாலையோரத்தில் ஆயுதக் கடைகளும், மதரசா விடுதிகளும், போக்குவரத்துத் தரகும் பெருகிய மீரான்ஷாவில், அரசியல் முகவரின் மானியத்தை நம்பிய மலிக்கைக் காட்டிலும் போர்த் தளபதியின் செல்வாக்கு பல மடங்கு உயர்ந்தது. வேலை இல்லாத இளைஞனுக்குச் சம்பளமும், படிக்க இடமில்லாத சிறுவனுக்கு உணவும் உறைவிடமும் அவர் பக்கமே இருந்தன. நூற்றாண்டுப் பழமையான குல அதிகார அமைப்பு இவ்வாறு பணத்தாலும் போராலும் உள்ளிருந்து அரிக்கப்பட்டது.

1989 பிப்ரவரியில் கடைசி சோவியத் படைவீரர் வெளியேறியதும் அமெரிக்கா அந்நிலத்தை மறந்தது. ஐஎஸ்ஐ மறக்கவில்லை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் அதே ஆண்டு வெடித்த கிளர்ச்சியை, ஆப்கான் போரில் தேறிய முறைகளாலும் ஆள்களாலும் அது வளர்த்தது. காபூலில் முஜாஹிதீன் எனப்பட்ட போராளிகளின் கட்சிகள் ஒன்றையொன்று குண்டுவீசி அழித்துக்கொண்டிருந்தபோது, பெனசிர் புட்டோவின் உள்துறை அமைச்சராகத் திரும்பி வந்திருந்த அதே நசீருல்லா பாபர், மத்திய ஆசியாவுக்குச் சாலை வாணிகம் திறக்க விரும்பி, 1994-இல் காந்தஹாரில் எழுந்த தலிபான் இயக்கத்துக்குத் துணைநின்றார். 1996 செப்டம்பர் 27 அன்று காபூல் தலிபான் வசமானது. அவ்வரசை அங்கீகரித்தவை பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளே.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர் பாகிஸ்தானில் பர்வேஸ் முஷாரஃபின் அரசு அமெரிக்காவின் கூட்டாளியாகியது. 2002 ஜனவரியில், காஷ்மீரில் போரிட்டுவந்த லஷ்கர்-ஏ-தொய்பா, ஜெய்ஷ்-ஏ-முகம்மது உள்ளிட்ட அமைப்புகளைத் தடைசெய்தது. அவற்றுள் சில வேறு பெயர்களில் திரும்ப வந்தன. லஷ்கர்-ஏ-தொய்பா 2008 நவம்பரில் மும்பையில் 166 பேரைக் கொன்றது. ஆப்கானிஸ்தானில் இருந்து விரட்டப்பட்ட தலிபான் தலைவர்களும், அல்-காயிதாவின் அரபியரும், உஸ்பெக் போராளிகளும் வஜீரிஸ்தானுக்குள் வந்து தங்கினர். படை நுழையாது என்று 1947-இல் கொடுக்கப்பட்ட உறுதி முறிந்து, 2004 மார்ச்சில் வானாவுக்கு அருகே களூஷாவில் பாகிஸ்தான் படை உஸ்பெக்குகளைச் சுற்றிவளைக்க முயன்று பெரும் இழப்புடன் பின்வாங்கியது.

அதனை அடுத்து ஏப்ரல் 24 அன்று ஷக்காயில் நிகழ்ந்தது, இந்நிலத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். பெஷாவர் படைப்பிரிவின் தலைவரான லெப்டினன்ட் ஜெனரல் சஃப்தர் ஹுசைன், அஹ்மத்சாய் வஜீர் இளைஞரான நேக் முகம்மதுவுடன் ஒரு மதரசாவில் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார். மாலைகள் மாற்றப்பட்டன, பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. குல மரபில், பகை முடிக்க எந்தத் தரப்பு மற்றத் தரப்பின் இடத்துக்கு வருகிறதோ அதுவே தோற்றதாகக் கொள்ளப்படும். படைத்தலைவர் வந்து இறங்கியதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அரசு இனி மலிக்கின் வழியாகப் பேசாது, ஆயுதம் வைத்திருப்பவரிடம் நேரடியாகப் பேசும் என்பது ஊரெங்கும் தெரிந்தது. ஒப்பந்தம் சில வாரங்களில் முறிந்தது. ஜூன் மாதம் நேக் முகம்மது அமெரிக்க ஆளில்லா விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். பாகிஸ்தான் மண்ணில் நிகழ்ந்த அத்தகைய முதல் தாக்குதல் அது. இதே காலத்தில் நிர்வாகம், உஸ்பெக்குகளை ஒப்படைக்காத குற்றத்துக்காக, 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி வானா சந்தையை மூடி முத்திரையிட்டு, வஜீர் குலத்தாரின் வண்டிகளைப் பறித்தது. ஆயுதம் ஏந்தியவருக்கு மாலையும் கடைக்காரருக்குக் கூட்டுத் தண்டனையும் கிடைத்த அந்தக் கோடைக்காலத்தில், இளைஞர்கள் எந்தப் பக்கம் சாய்வர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

2005 பிப்ரவரியில் சரரோகாவில் பைத்துல்லா மெஹ்சூதுடனும், 2006 செப்டம்பரில் மீரான்ஷாவில் வடக்கு வஜீரிஸ்தான் போராளிகளுடனும் அதே வகையான ஒப்பந்தங்கள் தொடர்ந்தன. இவை ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஓய்வும் மதிப்பும் தந்தன. இந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மலிக்குகளும் மூத்தோரும் உளவாளிகள் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1890-களில் சிலருக்கு நேர்ந்தது இப்போது ஒரு தலைமுறைக்கே நேர்ந்தது. மூத்தோர் கூடும் ஜிர்காக்கள்மீதே தற்கொலைக் குண்டுகள் ஏவப்பட்டன. 2007 ஜூலையில் இஸ்லாமாபாத்தின் லால் மசூதியில் ஆயுதத்துடன் இருந்தோர்மீது படை நடத்திய முற்றுகை இரத்தக்களரியில் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில், சிதறிக் கிடந்த குழுக்கள் பைத்துல்லா தலைமையில் தெஹ்ரீக்-ஏ-தலிபான் பாகிஸ்தான் என்ற பெயரில் இணைந்தன. அதன் போர் காபூலை நோக்கியதன்று. பாகிஸ்தான் அரசை நோக்கியது.

அப்போதும் அரசு தன் கொள்கையை முழுமையாக மாற்றவில்லை. பாகிஸ்தானைத் தாக்குவோர் கெட்ட தலிபான், ஆப்கானிஸ்தானில் போரிடுவோர் நல்ல தலிபான் என்ற பிரிவு அதிகாரிகளின் அன்றாடப் பேச்சிலேயே புழங்கியது. 2009-இல் ஸ்வாத்திலும் பின்னர் தெற்கு வஜீரிஸ்தானின் மெஹ்சூத் பகுதியிலும் படை நடவடிக்கை எடுக்கப்பட்டபோது, வடக்கு வஜீரிஸ்தானின் ஹாஃபிஸ் குல் பகதூரும் ஹக்கானிகளும் தொடப்படவில்லை. 2011 செப்டம்பரில் அமெரிக்க முப்படைத் தலைமைத் தளபதி மைக் மல்லன், ஹக்கானி அமைப்பு ஐஎஸ்ஐயின் ஒரு கரமாகவே செயல்படுகிறது என்று தம் நாட்டு மேலவைக் குழுவின் முன் வெளிப்படையாகக் கூறினார். பாகிஸ்தான் அதனை மறுத்தது. மறுபக்கத்தில், 2013-இல் தெஹ்ரீக் அமைப்பின் மூத்த தலைவர் ஒருவர் ஆப்கானிய உளவுத்துறையின் பாதுகாப்பில் இருந்தபோது அமெரிக்கப் படையால் கைப்பற்றப்பட்டது, காபூலும் அதே ஆட்டத்தை ஆட முயன்றதைக் காட்டியது.

இந்த ஆட்டத்தின் செலவை யார் ஏற்றனர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜீரிஸ்தானின் தத்தா கேலில், ஒரு குரோமைட் சுரங்கத்தின் உரிமை பற்றிய தகராறைத் தீர்க்க, பேருந்து நிலையத்தருகே ஒரு ஜிர்கா கூடியது. அரசு மானியம் பெறும் மலிக்குகளும் சீருடையணிந்த காசாதார்களும் அதில் இருந்தனர்; கூட்டம் நடக்கவிருப்பது அருகில் இருந்த படைமுகாமுக்கும் தெரிவிக்கப்பட்டிருந்தது. அமெரிக்க ஆளில்லா விமானம் அதன்மீது ஏவுகணைகளை வீசியதில் 40 பேரளவில் இறந்தனர். அந்நிலத்தில் அரசின் பக்கம் எஞ்சியிருந்தவர்களே அங்கு மாண்டனர். 2004-க்கும் 2018-க்கும் இடையே பழங்குடிப் பகுதிகளில் 400-க்கும் மேற்பட்ட அத்தகைய தாக்குதல்கள் நிகழ்ந்தன. தேடப்பட்ட தலைவர்கள் பலர் அவற்றில் கொல்லப்பட்டனர் என்பது உண்மையே. ஆனால் மகனை இழந்த தந்தை முறையிட ஒரு நீதிமன்றம் அந்நிலத்தில் அப்போது இருக்கவில்லை என்பதும் உண்மை.

2014 ஜூன் 15 அன்று தொடங்கிய, பாகிஸ்தான் படையின் சர்ப்-ஏ-அஸ்ப் நடவடிக்கை இறுதியில் வடக்கு வஜீரிஸ்தானையும் சேர்த்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர், பலர் கால்நடையாக, பன்னூவை நோக்கி வெளியேறினர். மீரான்ஷா சந்தை தரைமட்டமாயிற்று. போராளிகளில் பலர் எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானுக்குள் சென்றனர். டிசம்பர் 16 அன்று பெஷாவரின் படைப் பொதுப் பள்ளிக்குள் நுழைந்த தெஹ்ரீக் கொலையாளிகள் 130-க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சுட்டுக் கொன்றனர். நல்ல, கெட்ட என்ற பாகுபாடு இனி இல்லை என்று அன்றைய பிரதமர் நவாஸ் ஷெரீஃப் அறிவித்தார்.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் மீண்டும் தலிபான் வசமானபோது இஸ்லாமாபாத்தில் மகிழ்ந்தவர்கள் இருந்தனர். மீரான்ஷாவில் வளர்ந்த ஜலாலுதீனின் மகன் சிராஜுதீன் ஹக்கானி ஆப்கானிஸ்தானின் உள்துறைப் பொறுப்பை ஏற்றார். அவருடைய மத்தியஸ்தத்தில் பாகிஸ்தான் அரசும் தெஹ்ரீக் அமைப்பும் பேசின; 2022 நவம்பரில் அப்பேச்சு முறிந்தது. 2023 ஜனவரி 30 அன்று பெஷாவர் காவலர் குடியிருப்பு வளாகப் பள்ளிவாசலில், தொழுகை நேரத்தில், 80-க்கும் மேற்பட்டோர் குண்டுவெடிப்பில் மாண்டனர். 2024-இல் பாகிஸ்தான் விமானங்கள் கோஸ்த், பக்திகா மாகாணங்களில் குண்டு வீசின. 2025 அக்டோபரில் இரு நாட்டுப் படைகளும் எல்லை நெடுகிலும் நேருக்கு நேர் மோத, கத்தாரும் துருக்கியும் தலையிட்டுப் போர்நிறுத்தம் செய்துவைத்தன. இந்தியாவுக்கு எதிராகக் காபூலில் நட்பு அரசு வேண்டும் என்று முப்பதாண்டு முதலீடு செய்த கொள்கை, தான் வளர்த்த அரசுடனேயே போரிட வேண்டிய நிலையில் வந்து நின்றது.

உள்நாட்டில் ஒரு சீர்திருத்தம் மட்டும் நடந்தது. 2018 மே மாதம் 25-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்க்வா மாகாணத்துடன் இணைக்கப்பட்டன. 1901-ஆம் ஆண்டுச் சட்டம் 117 ஆண்டுகளுக்குப் பின் முடிவுக்கு வந்தது. 2019 ஜூலையில் அம்மக்கள் முதன்முறையாக மாகாணச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர். இணைப்புக்குச் சில மாதங்களுக்கு முன்னர், வஜீரிஸ்தானைச் சேர்ந்த ஓர் இளைஞர் கராச்சியில் போலி மோதலில் காவலரால் கொல்லப்பட்டதை எதிர்த்து, மன்சூர் பஷ்தீன் தலைமையில் பஷ்தூன் பாதுகாப்பு இயக்கம் எழுந்திருந்தது. கண்ணிவெடிகளை அகற்றுதல், காணாமற்போனவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துதல், சோதனைச் சாவடிகளில் மக்களை இழிவுபடுத்தாமை ஆகியவையே அதன் தொடக்கக் கோரிக்கைகள். துப்பாக்கி ஏந்தாமல், அரசமைப்பின் பெயரால், தனிமனித உரிமையைக் கேட்டு அந்நிலத்தில் இருந்து எழுந்த பெருந்திரளான குரல் அது. ஷக்காயிலும் சரரோகாவிலும் மீரான்ஷாவிலும் ஆயுதக் குழுக்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அரசு, 2024 அக்டோபரில் இவ்வியக்கத்தைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்தது. 1901 முதல் இந்நிலத்தைப் பற்றி எடுக்கப்பட்ட தவறான முடிவுகளின் வரிசையில் இதுவும் ஒன்று.